மரத்தின் மேல் நிற்பவன் உயிரும் கணக்கில் வரட்டும்

பினாங்கு ஜார்ஜ் டவுன் சாலைகளில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களையும் அங்சானா மரங்களையும் அறியாதார் நம்மில் யார்? நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காலத்து மரங்களும் அவற்றில் உண்டு. நிழல் தந்த மரமே முதுமையடைந்து உள்ளே உளுத்துவிட்டால் எமனாகிறது. 2017 நவம்பர் 4 இரவு அடித்த புயல்மழையில் பினாங்கில் மரங்கள் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெருமரம் விழுந்து ஒருவர் மாண்டார். ஆகவே ஆபத்தான மரத்தை அகற்றத்தான் வேண்டும். அதை அகற்றும் தொழிலாளியை யார் காப்பது என்பதே நம் கேள்வி.

தோட்டத்தில் மறுநடவுக்காகப் பால்மரத்தைச் சாய்ப்பது வேறு. அங்கே விழ இடமுண்டு. பட்டணத்திலோ ஒருபுறம் மின்கம்பி, மறுபுறம் கடைவீடு, கீழே சாக்கடை. எனவே மரத்தைத் துண்டு துண்டாக அறுத்துக் கிரேனால் இறக்குகிறார்கள். முறையாகச் செய்தால் இதைவிட நல்ல வழியில்லை. முறை தவறினால் கிரேனே கவிழும்.

கிராணிமார் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். குறுக்களவு 1 மீட்டர், நீளம் 2 மீட்டர் உள்ள அடித்துண்டின் பருமன் ஒன்றரைக் கன மீட்டருக்குச் சற்று அதிகம். பச்சை மரத்துக்குக் கன மீட்டருக்கு 1 டன் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். ஆக, ஆள் உயரத்தைவிடச் சிறிது நீண்ட துண்டே ஒன்றரை டன்னைத் தாண்டுகிறது! கிரேனில் 25 டன் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறக்கூடாது. அது கை நீட்டாமல் பக்கத்தில் தூக்கும் அளவு. கை நீள நீளத் தூக்கும் சக்தி வேகமாகக் குறையும். தாங்குகால்கள் சாக்கடை மூடியின்மேல் நின்றால் அந்தச் சக்தியும் வீண்.

அறுக்குமுன் சங்கிலி துண்டின் பாரத்தை அளவாக ஏற்றிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் துண்டு விழுந்து கிரேனை உலுக்கும். மிஞ்சி இழுத்தால் அறுந்த கணத்தில் துள்ளி அறுப்பவனை அடிக்கும். அறுப்பவன் விலகிய பிறகே தூக்க வேண்டும். சைகை காட்டுபவர் ஒருவரே இருக்கட்டும். நாலு பேர் நாலு பக்கம் கத்தும் வழக்கத்தை நாமே விட்டொழிக்க வேண்டும். இதில் முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் அவசரம் எங்கிருந்து பிறக்கிறது? ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதிலிருந்து பிறக்கிறது. காற்றெழுந்தாலும் இறங்க மனம் வராது. இறங்கினால் அன்றைய கூலி போயிற்று. பால் எடைக்குக் கூலி வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம் என்கிறது 26ஏ பிரிவு. வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும் இத்திருத்தம் பொறுப்பு வைக்கிறது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

சட்டம் இருந்தும் மரத்தின் மேலிருப்பவன் வாய் திறக்க அஞ்சுகிறான். ஆதலால் நாம் கேட்பது இது: மரம் வெட்டும் குத்தகையில் கூலி நாட்கூலியாக இருக்க வேண்டும், மழை காற்றால் நின்ற நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டும், துண்டின் எடையும் கிரேனின் தூரமும் வேலை தொடங்குமுன் தாளில் எழுதப்பட்டு, மேலே ஏறுபவன் கையில் தரப்பட வேண்டும்.