‘ஆகவே’ என்றால் நில்லுங்கள்

ஆகவே, எனவே, ஏனென்றால், அதனால்தான். தினசரியிலும் தீர்ப்பிலும் இந்தச் சொற்களை ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறோம். தோழர்களே, அங்கேதான் நிற்க வேண்டும். ‘ஆகவே’வுக்குப் பின்னால் வருவது முடிவு; ‘ஏனென்றால்’ சொன்ன பின் வருவது காரணம். ‘தப்பி ஓடியதால்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆல்’கூடக் காரணச் சொல்தான். காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவே சொல்லாமல் விட்ட ஒன்று பதுங்கியிருக்கும். அதை வெளியே இழுத்துப் போடணும்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அது சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலமுள்ள பணக்காரர்கள், ஒருவரிடம் காரும் இருக்கிறது, ஆகவே வேலையாள் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கஷ்டம். நடுவே பதுங்கியிருப்பது என்ன? ‘சொத்துள்ளவன் தன் கையால் கொலை செய்யமாட்டான்.’ தனியாக எழுதினால் சின்னப்பிள்ளையும் சிரிக்கும். ‘ஆகவே’வுக்குள் ஒளிந்ததால் தீர்ப்பில் ஏறிவிட்டது.

புதூர்நாட்டிலிருந்து இதை எழுதுகிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் எங்கள் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. கல்லும் கோடாலியும் வீசினார்கள், ஆகவே தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். அந்தக் காரணத்துக்கு ஆதாரம் கேட்கலாம். ஆனால், ‘செம்மரம் வெட்டப் போனான், அதனால செத்தான்’ என்று சாதாரணமாகச் சொல்றாங்களே, அதை என்ன செய்வது? ‘ஏன் அங்கே இருந்தான்?’ என்பதற்கான பதிலை ‘ஏன் சுட்டாங்க?’ என்பதற்குத் தருகிறார்கள். நடுவே பதுங்கியிருப்பது: ‘மரம் வெட்டுறவனைக் கொல்லலாம்.’ சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வழக்கு, விசாரணை, நிரூபணமானால் சிறை என்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு செக்கைத் திருப்பி அனுப்பினால்கூட என்ன காரணம் என்று சீட்டு வைத்தாக வேண்டும். ‘பொருத்தமில்லாத காரணம் எழுதினேன், பரவாயில்லை’ என்றால் மேனேஜர் விடமாட்டார். மனுச உயிருக்கு மட்டும் எந்தக் காரணமும் போதுமா?

இந்தச் சோதனை நம்ம மேடைக்கும் உண்டு. ‘அவன் மேல்சாதி, ஆகவே சொல்றது பொய்’ என்றால் அங்கேயும் ஒன்று பதுங்கியிருக்கிறது. அதை நாமே இழுத்துப் போடாவிட்டால் எதிராளி இழுப்பான்; நம் நியாயமான வழக்கும் சேர்ந்து சரியும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு செய்தித்தாள் கொண்டு வாருங்கள். காரணச் சொற்களுக்கு அடியில் கோடு போட்டுப் படிப்போம்.