சக்கர வீட்டில் இரண்டு நாள்



நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் மேல்நாட்டுக் குளிர்காலத்தைப் பார்க்கிறார்கள். கூரையெல்லாம் பனி; வாசலில் ஒரு பனிப் பொம்மை; கம்பளி போர்த்திய மனிதர்கள். குளிர்காலம் என்றால் இவ்வளவுதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதே அமெரிக்க நாட்டில், அதே குளிர்காலத்தில், வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு தெற்கே போய், அரைக்கைச் சட்டையோடு சைக்கிள் மிதிக்கிற குடும்பங்களும் உண்டு. இந்த மாதம் அந்தப் பக்கம் உங்களை அழைத்துப் போகிறேன். கான் வெட்டிப் பிழைத்த நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று அங்கே இருக்கிறது.

நாம் போகும் இடம், அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புளோரிடா மாநிலம். அதன் தென்கோடியில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரவேண்டாம். கண்ணுக்கெட்டிய தூரம் கோரைப்புல். அந்தப் புல்லுக்கு அடியில் முழங்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் ஆமை வேகத்தில் தெற்கு நோக்கிக் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்ற அம்மையார் 1947ஆம் ஆண்டு எழுதிய நூலில் இதற்குப் ‘புல் ஆறு’ என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அதிபர் ட்ரூமன் இந்தப் பூங்காவைத் தொடங்கிவைத்தார்.

அங்கே குளிர்காலம் என்பது வறட்சிக் காலம். மழை மே முதல் அக்டோபர் வரை கொட்டித் தீர்த்துவிடும். அப்பொழுது கொசு நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும்! டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் வெளுத்திருக்கும். பகலில் 25 பாகை, இரவில் 12 பாகை அளவுக்குச் சூடு இருக்கும். கேமரன் மலைக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த இரவுக் குளிர் புதிதல்ல. வட மாநிலங்களிலும் கனடாவிலும் பனிக்கு அஞ்சும் முதியவர்கள் தங்கள் சக்கர வீடுகளோடு வந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். அவர்களைப் ‘பனிப்பறவைகள்’ என்று ஊரார் கேலியாக அழைப்பார்கள். மயாமி நகரில் வேலை செய்யும் குடும்பங்களோ வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு மாலை வீடு திரும்பிவிடும்.

வண்டிக்குள் ஒரு குடும்பம்

சக்கர வீடு என்றால் என்ன? மோட்டார்ஹோம் என்பார்கள். நம்மூர் லோரி அளவு வண்டி. அதற்குள் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, சின்னக் குளியலறை, கழிவறை எல்லாம் அடக்கம். வண்டியின் பின்பக்கத்தில் சைக்கிள்களை மாட்டிக் கட்டிவிடுவார்கள். சொந்தமாக வாங்குவதற்குப் பெரும் பணம் வேண்டும். ஆகவே, பலர் இரண்டு நாள், மூன்று நாள் என்று வாடகைக்கு எடுப்பார்கள். அதற்கும் வசதி இல்லாதவர்கள் பழைய காடியில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு வருவார்கள். பக்கத்துப் பக்கத்து இடத்தில் இரு சாராரும் தங்குவார்கள்.

மயாமியிலிருந்து மேற்கே டாமியாமி நெடுஞ்சாலையில் போனால், சுமார் 35 கட்டையில் சைக்கிள் விடும் இடமான ஷார்க் வேலி வரும். அங்கே இரவு தங்க இடமில்லை. இன்னும் பதினைந்து, இருபது கட்டை போனால் பிக் சைப்ரஸ் காப்பகத்தில் மிட்வே என்ற முகாம் இருக்கிறது. ஒரு சிறு குளத்தைச் சுற்றி வண்டிகள் நிற்கும். மின்சாரம் கொடுப்பார்கள். குளத்தில் முதலை இருக்கக்கூடும் என்பதால் பிள்ளைகளைக் கரையில் விளையாட விடமாட்டார்கள். முகாமைக் கவனிப்பவர்களில் பலர் கூலி வாங்காத தொண்டர்கள். தங்கள் வண்டியை அங்கேயே இலவசமாக நிறுத்திக்கொண்டு, அதற்கு ஈடாக வருவோர் போவோரைக் கவனிப்பார்கள்.

இந்த வீட்டில் குடும்பத் தலைவி முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் தண்ணீர்க் கணக்கு. வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு, ஒன்று பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு, மூன்றாவது கழிவறைக்கு. முதல் தொட்டி காலியானால் சமையல் நின்றுபோகும். மற்ற இரண்டும் நிறைந்தால் குழாயைத் திறக்கவே முடியாது. கழிவை அதற்கென்று ஒதுக்கிய குழியில்தான் கொட்டவேண்டும். புல்லில் ஊற்றிவிட்டுப் போகக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் நகரத்துப் பிள்ளை, இரண்டே நாளில் ஒரு குவளைத் தண்ணீரில் முகம் கழுவப் பழகிவிடுகிறது. லயத்துக்கு ஒரு பொதுக் குழாய் இருந்த காலத்தில் வாளி வைத்து வரிசை பிடித்த நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினைந்து கட்டை சைக்கிள்

சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு ஷார்க் வேலிக்குப் போகிறார்கள். அங்கே வளையமாக ஒரு தார்ச்சாலை. மொத்தம் பதினைந்து கட்டை, அதாவது 24 கிலோமீட்டர். மேடு இல்லை, பள்ளம் இல்லை. பூங்காவின் சுற்றுலா வண்டியைத் தவிர வேறு காடிக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிள் விடலாம். சைக்கிள் இல்லாதவர்களுக்கு அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பாதி வழியில் சுருண்டு ஏறும் பாதையோடு ஒரு கோபுரம். மேலே நின்றால் நாலாபக்கமும் புல்லும் தண்ணீரும் வானமும்தான். நடுவில் குறுக்கு வழி கிடையாது. கோபுரம்வரை போனவர்கள் முன்னே போனாலும் திரும்பி வந்தாலும் அதே தூரம்தான். நிழலும் குறைவு. ஆகவே, சின்னப் பிள்ளைகளோடு போவோர் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, கால் வலிக்குமுன்பே திரும்பிவிடுவது நல்லது.

வழியில் என்ன பார்க்கலாம்? சாலையோர வாய்க்காலின் கரையில் முதலைகள் மரக்கட்டைபோல் கிடக்கும். குளிர்ந்த இரவுக்குப் பிறகு உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வெயிலில் கிடக்கின்றன. சில சாலையிலேயே படுத்திருக்கும். குறைந்தது பதினைந்து அடி தள்ளிப் போகவேண்டும். தீனி போடக் கூடாது. தீனிக்குப் பழகிய முதலை மனிதனுக்கு அஞ்சாது. பிறகு அதைக் கொல்லத்தான் வேண்டியிருக்கும். அகன்ற மூக்குடைய அல்லிகேட்டர், கூர்மூக்கு முதலை ஆகிய இரண்டு வகையும் காட்டில் ஒன்றாக வாழும் ஒரே இடம் தென் புளோரிடாதான்.

பறவைகளுக்கோ குறைவே இல்லை. கொக்கு, நாரை, மீன் பிடித்த பிறகு இறக்கையை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் ஆங்காங்கே குழிகளில் நெருக்கியடித்துக்கொள்கின்றன. அந்த மீனை நம்பித்தான் அங்குள்ள மரநாரை குஞ்சு பொரிக்கிறது. வற்றவேண்டிய காலத்தில் தண்ணீர் மீண்டும் ஏறிவிட்டால் மீன்கள் சிதறிவிடும். நாரை கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். பருவத்தின் கணக்கு அவ்வளவு நுட்பமானது.

நமக்குச் சைக்கிள் என்றால் வேலை. விடியுமுன் பால் வெட்டப் போனது, கேரியரில் காண்டா வாளியைக் கட்டிக்கொண்டு கித்தா நிரைகளுக்குள் மிதித்தது, பிள்ளையைப் பள்ளியில் விட்டது எல்லாம் அதில்தான். அதே சைக்கிளில் வேலை ஏதுமின்றி, அவசரமின்றி, பெண்டு பிள்ளைகளோடு ஒரு காலைப் பொழுதைக் கழிக்கிறார்கள். உழைப்பவனுக்கு இந்த ஓய்வு உரியதே. அதை ஆடம்பரம் என்று சொல்வோர் பேச்சைக் கேட்கவேண்டாம்.

கான் வெட்டிய கதை

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இந்தப் புல் ஆறு ஏறத்தாழப் பாதி அழிந்துபோயிற்று. அழித்தது கான்.

சதுப்பை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்று 1906ஆம் ஆண்டு முதல் வாய்க்கால் தோண்டத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மரத்தைக் கொண்டுவந்து, தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று நட்டார்கள். நம்மூர் கெலாம் மரத்தின் இனம் அது. மினியாக் காயு பூத்தே என்று நெஞ்சில் தேய்க்கிறோமே, அந்த எண்ணெய் வருகிற மரக் குடும்பம்தான். அது காடாகப் பரவி, இன்றுவரை வெட்டி மாளவில்லை. 1928இல் திறந்த டாமியாமி சாலையோ கிழக்கு மேற்காக ஓர் அணைபோல் நின்று, தெற்கே போகவேண்டிய தண்ணீரை மறித்தது. சக்கர வீடுகள் இன்று ஒய்யாரமாக ஓடுவது அந்தச் சாலையில்தான்.

வடித்த நிலத்தில் காய்கறியும் கரும்பும் வந்தன. உழைத்தவர்கள் யார்? தெற்கு மாநிலங்களிலிருந்தும் பஹாமாஸ் தீவுகளிலிருந்தும் பிழைக்க வந்த கறுப்பினக் கூலிகள். 1928 செப்டம்பரில் ஒரு சூறாவளி ஒக்கீச்சோபி ஏரியின் மண்கரையை உடைத்தது. குறைந்தது 2,500 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூலிகள். வெஸ்ட் பாம் பீச் நகரில் சவப்பெட்டி வெள்ளையருக்குத்தான் கிடைத்தது. கறுப்பின மக்கள் 674 பேரை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பின்னாளில் கரும்பு வெட்ட ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆட்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். 1990களில் இயந்திரம் வந்ததும் அந்த வேலையும் போயிற்று. கங்காணி கையில் சீட்டைக் கொடுத்துக் கப்பலேறிய வம்சத்தில் வந்த நமக்கு இந்தக் கதை அயலார் கதையாகத் தோன்றாது.

மண் மட்டும் சும்மா இருந்ததா? சதுப்பு மண் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடந்த செடி கொடி. தண்ணீர் வடிந்ததும் காற்றுப் பட்டு மக்கிக் கரைகிறது, காய்ந்தால் தீப்பிடிக்கிறது. பெல் கிளேட் என்ற ஊரில் 1924ஆம் ஆண்டு ஒன்பது அடிக் கல் கம்பம் ஒன்றை அடிப்பாறைவரை இறக்கி, தலை மண்மட்டத்தோடு நிற்கும்படி நட்டார்கள். இன்று அது ஏறக்குறைய ஆறடி வெளியே தெரிகிறது. கம்பம் வளரவில்லை, நிலம் தாழ்ந்துவிட்டது. சதுப்பு நிலத்துத் தோட்டங்களில் செம்பனை மரங்கள் வேர் தெரியச் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுவேதான்.

அடைத்த வழி திறக்கிறது

தவற்றை உணர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டு ஒரு பெரிய சீரமைப்புத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. டாமியாமி சாலையைச் சில இடங்களில் பெயர்த்துப் பாலமாக உயர்த்துகிறார்கள். 2013இல் ஒரு மைல் நீளப் பாலம் முடிந்தது. 2019இல் மேலும் சில பாலங்கள் வந்தன. பாலத்துக்கு அடியில் தண்ணீர் பழைய வழியைத் தேடித் தெற்கே போகிறது. தோண்டிய வாய்க்கால்களில் சிலவற்றைத் தூர்க்கிறார்கள். அழிக்கச் செலவிட்ட பணத்தைவிட மீட்கும் செலவு பலமடங்கு. வேலை இன்னும் முடியவில்லை.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. சிலாங்கூரின் வடக்கே ராஜா மூசா சதுப்புக் காட்டைப் பழைய கான்கள் காயவைத்தன. தீ பலமுறை தின்றது. 2008 முதல் அந்தக் கான்களைச் சிறு தடுப்புகளால் அடைத்து, நீரைத் தேக்கி, மரக்கன்று நட்டுவருகிறார்கள். சுற்றுக் கம்பத்து மக்களும் மாணவர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் கான் வெட்டத் தெரிந்தவன் நல்ல வேலையாள். இன்று எங்கே வெட்டலாம், எங்கே அடைக்கவேண்டும் என்று தெரிந்தவன் தேவைப்படுகிறான். தண்ணீரின் போக்கைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அறிவு நம் பெரியவர்களிடம் இருக்கிறது. அது ஏட்டில் இல்லை. கேட்டுக்கொள்ளாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

ஆகவே, தோட்டத்தில் இருந்தாலும் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டாலும், வரும் விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். சக்கர வீடு வேண்டாம். இருக்கிற சைக்கிளின் சக்கரத்துக்குக் காற்றடித்து, சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு, தாத்தாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு காலையிலேயே புறப்படுங்கள். வழியில் வரும் கானின் ஓரம் நின்று, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யார் வெட்டியது என்று பெரியவரைச் சொல்லச் சொல்லுங்கள். சோறு கட்டிய தாளை மறவாமல் வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.