சைலன்சர் சூடு: பிள்ளையைத் திட்டாதீர்கள்



நேற்று சோளக்காட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். கீழேயிருந்து ஒரு குடும்பம் பைக்கில் வந்து இறங்கியது. அரைக்கால் சட்டை போட்ட பையன், ஏழு வயதிருக்கும், வலப்பக்கமாக இறங்கினான். ஒரே அலறல். கெண்டைக்காலில் மூன்று விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்துச் சுருங்கிவிட்டது. "பார்த்து இறங்கத் தெரியாதா?" என்று அப்பா அதட்டினார். வண்டியைப் பார்த்தேன். சைலன்சர் மேல் இருக்க வேண்டிய கார்டு இல்லை. அழகுக்காகக் கழற்றி வைத்திருக்கிறாராம்! இதில் பையன் செய்த தப்பு என்ன?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்து வெளியேறும் புகை பல நூறு டிகிரி சூட்டில் வருகிறது. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகளும் துளைக் குழாய்களும் அதன் சத்தத்தைத்தான் அடக்கும். சூடு இரும்பில் ஏறிவிடும். இன்ஜினை ஒட்டிய பெண்ட் பைப் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உருக்கு அந்த நிறத்துக்கு வரச் சுமார் 300 டிகிரி வேண்டும். உளிக்குப் பதம் ஏற்றும் கொல்லர் இந்த நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். பின்பக்கம் அவ்வளவு இராது. ஆனால் தோல் வெந்துபோக 70 டிகிரியே போதும், ஒரு நொடி பட்டால் முடிந்தது.

நம் மலையில் இது இன்னும் மோசம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. முதல் கியர், இரண்டாம் கியர் என்று முறுக்கிக்கொண்டே ஏற வேண்டும். இன்ஜினுக்கு வேலை அதிகம், வேகம் குறைவு, எதிர்க்காற்றும் குறைவு. மேலே வந்து நிறுத்தியதும் அந்தக் காற்றும் நின்றுபோகிறது. குளிர்ந்த ஊர்தானே என்று நினைக்காதீர்கள். குழாய் ஆற வெகுநேரம் ஆகும்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ் 6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி அந்தக் குழாயிலேயே இருக்கிறது. நன்றாகச் சூடேறினால்தான் அது வேலை செய்யும். ஆக, சூட்டைக் குறைக்க வழியில்லை, மறைக்கத்தான் முடியும். அதற்குத்தான் கம்பெனியே கார்டு போட்டுத் தருகிறது. அதைக் கழற்றுவதும், சத்தத்துக்காக வேறு குழாய் மாட்டுவதும் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் வண்டிகளில் பெரும்பாலும் சைலன்சர் வலப்பக்கம்தான். பிள்ளைகளை இடப்பக்கமாக இறங்கப் பழக்குங்கள். நான் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை, இப்போது உறுத்துகிறது.

யாரோ பற்பசையோடு ஓடி வந்தார். தடுத்தேன். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்ட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். டீக்கடை அம்மா குழாயைத் திறந்துவிட்டார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பையனின் காலைப் பிடித்துக்கொண்டார்.

ஆடி 18 வந்தால் வல்வில் ஓரி விழாவுக்கு மலை முழுக்க பைக்தான். வருகிறவர்கள் அதற்குள் ஒருமுறை குனிந்து கார்டைப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் நானும் பார்த்தேன். என் வண்டிக் கார்டில் ஒரு ஸ்க்ரூ இல்லை, தொட்டால் ஆடுகிறது. இன்று காலை செம்மேட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். பத்து நிமிட வேலை.