துக்கம் நற்சான்றிதழ் அல்ல

குடித்துவிட்டுப் படகோட்டித் தன்னோடு இருவரையும் சாகடித்தவருக்காக அழுவது, அந்த இருவரையும் அவமதிப்பதாகும் என்கிறார்கள். மயாமி மார்லின்ஸ் பேஸ்பால் வீரர் ஹோசே ஃபெர்னாண்டஸைப் பற்றிய இந்த வாதத்தில் தகவல் பிழை ஏதும் இல்லை. 2016 செப்டம்பர் 25 அதிகாலையில் படகு பாறைத் தடுப்பில் மோதி மூவர் இறந்தனர். ஓட்டியது 24 வயது ஃபெர்னாண்டஸ்தான் என்றது மாநில விசாரணை. அவர் ரத்தத்தில் வரம்பு மீறிய மதுவும் கோகெய்னும் இருந்தன. ஆனால் இதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. துக்கத்தை நன்னடத்தைக்குக் கொடுக்கும் பரிசாக நினைப்பதால் வரும் கோளாறு இது.

மறுநாள் ஆட்டத்தில் அணியினர் அனைவரும் அவருடைய 16ஆம் எண் சட்டையை அணிந்தார்கள். தொடக்க ஆட்டக்காரர் டீ கார்டன், அந்தப் பருவத்தில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்துவிட்டு அழுதுகொண்டே ஓடினார். அவர் அழுதது இழந்த நண்பருக்காக. அதை எந்த ஆய்வக அறிக்கையும் பொய்யாக்காது. அப்படியானால் குற்றத்தை மூடி மறைக்கலாமா என்று கேட்கலாம். கூடாது. கியூபாவிலிருந்து தப்பி வரும்போது கடலில் விழுந்த தாயைக் காப்பாற்றிய சிறுவன் என்ற கதையை மட்டும் சொல்லிப் புனிதராக்கிய ரசிகர்களும், அறிக்கை வந்ததும் தூக்கியெறிந்தவர்களும் செய்தது ஒரே தவறுதான்: முழு மனிதரைப் பார்க்க மறுத்தது. இறந்த மற்ற இருவருக்கும் நியாயம் செய்ய வேண்டுமானால் அவர்களுக்காகவும் அழ வேண்டும். ஒருவருக்கான கண்ணீரை நிறுத்துவதால் அவர்களுக்கு எதுவும் கிடைத்துவிடாது.