வழிப்பறியும் சம்பளப் பிடிப்பும்

நமக்கு நன்கு தெரிந்த தோட்டக் கிராணியார் ஒருவர், சென்ற மாதம் வங்கியில் எடுத்த செலவுப் பணத்தோடு திரும்பும் வழியில் வழிப்பறிக்கு ஆளானார். நெடுஞ்சாலையை விட்டுச் செம்மண் சாலையில் திரும்பும் இடத்தில், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அவர் வண்டியை உரசிற்று. என்னவோ ஏதோவென்று நிறுத்தினார். அடுத்த கணம் கழுத்தருகே கத்தி. பையை விட மறுத்துப் போராடியதில் கையில் பதினொரு தையல். “பணம் போனால் துரைக்கு யார் பதில் சொல்வது?” என்பதே அப்போது மனத்தில் ஓடியதாக அவர் நம்மிடம் சொன்னார். அது வீண் அச்சமன்று. மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பிய மறுநாளே, போன தொகை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று நிர்வாகம் தெரிவித்துவிட்டது.

தோழர்களே, கத்தி முனையில் பையைக் கொடுத்துவிட்டு உயிரோடு வாருங்கள் என்று சொல்வது எளிது. நாமும் அதையேதான் சொல்கிறோம். ஆனால் கொடுத்த மறுநாளே கடன்காரனாவோம் என்று அஞ்சுபவன் எப்படிக் கொடுப்பான்?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சட்டம் அனுமதித்த பிடிப்புகளைத் தவிர வேறெதையும் முதலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. தவறிக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், சேமநிதி, சொக்சோ ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. திருடன் கொண்டுபோன பணத்துக்கு இடமில்லை. எனவே “சம்மதிக்கிறேன்” என்று எழுதிய தாளை யார் நீட்டினாலும், கிளைச் செயலாளரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டச் சம்பளப் பணம் ஆயுதக் காவலோடு வந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆபத்து நீங்கிற்றா? இல்லை. துரையின் காரிலிருந்து இறங்கி நமது மோட்டார் சைக்கிள் கூடையில் உட்கார்ந்துகொண்டது. சம்பள நாளில், அதிலும் தீபாவளிக்கு முந்திய சம்பளத்தில், பட்டணத்துப் பண இயந்திரத்தின்முன் நிற்கும் வரிசையை நாம் மட்டுமா பார்க்கிறோம்? எடுப்பதைச் சிறுகச் சிறுக எடுங்கள். இருவராகப் போங்கள். அங்கேயே நின்று எண்ணிக் காட்ட வேண்டாம்.

சாலையில் பின்னாலிருந்து யாரேனும் இடித்தால், காயமில்லாத பட்சத்தில் இருட்டில் இறங்காதீர்கள். வெளிச்சமும் ஆளும் உள்ள எண்ணெய் நிலையம் வரை ஓட்டிச் சென்று, 999-ஐ அழையுங்கள். விபத்தைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்வது கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மழைக்கு ஒதுங்குகிறவர்கள், இரவில் பாலத்தடியில் தனியே நிற்பதைவிட முன்கூட்டியே ஓய்விடத்தில் ஒதுங்குவது நல்லது.

தாமான் வீடுகளிலிருந்து விடியுமுன் மரம் வெட்டக் கிளம்பும் பெண்களின் நிலை இன்னும் மோசம். தாலியைக் கழற்றி வையுங்கள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. சட்டைக்குள் விட்டு மேலே துண்டைச் சுற்றிக் கொள்ளலாம். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் புறப்படலாம். ஆனால் தோட்ட நுழைவாயிலில் ஒரு விளக்குக் கம்பம் கூட இல்லாதபோது, எச்சரிக்கையை அவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது எந்த நியாயம்? கொள்ளைக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கும் தண்டனைச் சட்டம், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் செய்த கொள்ளைக்கு 14 ஆண்டு வரை விதிக்கிறது. இருட்டின் கொடுமை சட்டத்துக்குத் தெரிகிறது. சில நிர்வாகங்களுக்குத் தெரியவில்லை.

தோட்டப் பணம் எடுக்கக் கிராணியைத் தனியே அனுப்பக் கூடாது. தோட்டக் காரில், பகலில், துணையோடு அனுப்ப வேண்டும். வழியில் வரும் பணத்துக்கு இன்சூரன்ஸ் எடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் விளக்குப் போட வேண்டும். இம்மூன்றையும் ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றித் துரையிடம் எழுத்தில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மேற்கூறிய கிராணியாரின் சம்பளப் பிடிப்புக் குறித்துத் தொழிலாளர் இலாகாவில் முறையீடு செய்யப்பட்டுள்ளது. இதேபோல் பிடிப்புக்கு ஆளான தோழர்கள் சம்பளச் சீட்டையும் போலீஸ் புகார் நகலையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கு வரவும்.