தொட்டுப் பாக்காத வைத்தியம்

எம்.ஏ. தமிழில் இரண்டு வருஷம் பசலை படித்தேன். தலைவன் பிரிந்தால் தலைவியின் மேனி நிறம் மாறும். வள்ளுவர் பசப்புறுபருவரல் என்று அதற்கு ஓர் அதிகாரமே வைத்தார். கேள்வி வந்தது, எழுதினேன், பாஸ் பண்ணினேன். மேனியில் ஓரிடம் வெளுத்து, அங்கே தொட்டாலும் சுட்டாலும் சுரணை இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அது தமிழாசிரியர் வேலையா என்பீர்கள். சரி, யார் வேலை?

எங்கள் பெரியம்மாவின் காலைப் பற்றிச் சொல்கிறேன். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு காலனி. பத்து வயசில், ஆண்டை வீட்டில் நெல் அவிக்கும்போது அண்டா சரிந்து கால் வெந்துபோனது. முழங்காலுக்குக் கீழே தழும்பு பட்டையாக இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு நடவுக்கும் சேற்றில் நின்று வெடிக்கும். மஞ்சள் அரைத்துப் பூசுவாள், ஆறும். நாற்பது வருஷம் கழித்து ஒரு தடவை ஆறவில்லை. ஓரம் தடித்து, பூக்கோசு மாதிரி மேலே கிளம்பியது. துணி பட்டாலே ரத்தம். நாத்தம் வேறு.

ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"கால்ல புண்ணு சார், ஆறவே மாட்டேங்குது."

"அங்கயே நில்லும்மா. எந்தத் தெரு?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே களிம்பு எழுதினார். அடுத்த தடவையும் அதே களிம்பு. இப்படி எட்டு மாசம். கட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கவில்லை. கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பெண் டாக்டர் உறை போட்ட கையால் புண்ணின் ஓரத்தை அமுக்கிப் பார்த்தார். அங்கிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்று. காலை எடுத்தார்கள். பெரியம்மா உயிரோடு இருக்கிறாள். "அந்தம்மாதாண்டா என் கால தொட்டுப் பாத்துச்சி" என்று இன்றைக்கும் சொல்லிக்கினு இருக்கிறாள்.

வெந்த தழும்பில் புற்று வரும் என்பது நேற்றுக் கண்டதா? தழும்பில் கிளம்பும் இந்தப் புண்ணைப் பிரெஞ்சு வைத்தியர் மார்ஜோலின் 1828-லேயே எழுதி வைத்தார். அவர் பேரைத்தான் இன்றும் அதற்குச் சொல்கிறார்கள். குளிருக்கு அணைத்துக்கொள்ளும் காங்கிரி நெருப்புச்சட்டி சுட்டுக் காஷ்மீரிகளுக்கு வரும் புற்று, பாவாடை நாடா வருஷக்கணக்காக இடுப்பை அறுத்து வரும் புற்று, தொழுநோயில் சுரணை செத்த பாதத்தின் ஆறாத புண்ணில் வரும் புற்று எல்லாமே மருத்துவ நூல்களில் இருக்கின்றன. படித்தவர்கள்தான் தொட மறுக்கிறார்கள்.

கருப்புத் தோலுக்குத் தோல் புற்று வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. வெயிலால் வருவது வெள்ளைத் தோலில்தான் அதிகம், நிஜம்தான். ஆனால் நமக்குத் தழும்பில் வரும், உள்ளங்காலில் வரும், நகத்தடியில் வரும். பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 1981-ல் செத்தபோது வயது 36. கருப்புத் தோலில் நோய் எப்படித் தெரியும் என்று லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே 2020-ல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து கையேடு போட்டார். இங்கே கருப்பு அழகு என்று கவிதை எழுதியாகிவிட்டது. நம் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது, சூட்டையும் வீக்கத்தையும் தொட்டுத்தான் அறியவேண்டும் என்று எத்தனை பேர் எழுதினோம்?

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பராந்தகன் காலம், 919, 921. சபையில் உட்கார நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரியவேண்டும். இதற்குப் பேர் ஜனநாயகமாம். அந்தக் கல்லைத் தடவிப் பார்க்கிற கை, ஏரிக்குக் கீழே நடவு நடுகிற பொம்பளையின் காலைத் தொடுமா?

நம் பங்கையும் சொல்லவேண்டும். புண்ணை மறைக்கிறோம். படைக்கு மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவுகிறோம். அரிப்பு அடங்குகிறது, படை பரவுகிறது. தீப்பட்ட இடத்தில் இங்க் ஊற்றுகிறோம், பேஸ்ட் பூசுகிறோம். அங்கே முதலில் வேண்டியது 20 நிமிஷம் பச்சைத் தண்ணீர். மம்மட்டி வெட்டுக்கு சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சேத்துப்புண்ணுக்கு விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கவேண்டும்.

தோழர்களே, வாரக்கணக்கில் ஆறாத புண், தழும்பில் கிளம்பும் கட்டி, உள்ளங்காலில் பெருத்துவரும் கருப்புப் புள்ளி கண்டால் "சதை எடுத்துப் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் காலும் தப்பும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சுரணையற்ற தேமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம். 6 மாசம் அல்லது 12 மாசம், குணமாகிவிடும். செங்கல்பட்டு திருமணியில் 1955-லிருந்து மத்திய அரசின் தொழுநோய் நிறுவனமே இருக்கிறது. எல்லாம் பஸ் போகிற ஊர்கள்தான். கடக்க முடியாத தூரம் டாக்டர் மேசைக்கும் எங்கள் காலுக்கும் நடுவில் கிடக்கிறது.

கோயிலைத் திற என்றோம். டீக்கடையில் ஒரே கிளாஸ் கொடு என்றோம். அந்தக் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்: கட்டைப் பிரி. தொட்டுப் பார்.