குளத்து நீரும் குடும்பச் செலவும்



சிறுபோகம் தொடங்குவதற்கு முன்னர் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். ஒட்டுசுட்டான் பகுதியில் வாழ்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று. குளத்தில் இன்று எத்தனை அடி நீர் நிற்கிறது, அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், முதல் நீர் எந்த நாளில் திறக்கப்படும், கடைசி நீர் எந்த நாளில் நிறுத்தப்படும் என்பனவெல்லாம் அங்கே பேசித் தீர்மானிக்கப்படும். நீர் குறைந்த ஆண்டென்றால், கூடிய காணி உள்ளவரும் குறைந்த காணி உள்ளவரும் தத்தம் நிலத்தில் ஒரு பங்கை மட்டுமே விதைக்க உடன்பட வேண்டியிருக்கும். அருட்பணியாளனுக்கு அக்கூட்டத்தில் இடமில்லை. ஆயினும் ஓரிரு தடவைகள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். குரல்கள் உயரும். பழைய மனத்தாங்கல்கள் எட்டிப் பார்க்கும். ஆனால் முடிவு எழுதப்பட்டபின் அதற்குப் பெரும்பாலும் எல்லோரும் கட்டுப்படுகிறார்கள். (இரவோடு இரவாக வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்பவர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரை விட்டுவிடுவோம்.)

குளத்து நீருக்கு இவ்வளவு கவனமாகக் கூட்டம் வைக்கும் அதே கமக்காரரின் வீட்டில், காலபோக நெல் விற்ற பணத்துக்கு எந்தக் கூட்டமும் நடப்பதில்லை என்பதே என் வியப்பு. மாசியிலும் பங்குனியிலும் கைக்கு வரும் பணம் உரக்கடைக்கும் உழவு இயந்திரக்காரருக்கும் தீர்த்தது போக எஞ்சியது, ஆனி பிறக்குமுன் எங்கே சென்றதென்று தெரியாமலே சென்றுவிடுகிறது. பின்னர் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. பல வீடுகளில் இது ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது.

செலவைக் குறைத்துச் சேமியுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. மேடையில் நிற்கும் எவரும் அதைக் கூறலாம். நானும் பலமுறை கூறியிருக்கிறேன். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலைப்பொழுதில்தான் அந்த அறிவுரையின் குறை எனக்கு விளங்கியது. நாட்டின் பொருளாதாரம் நொடிந்திருந்த காலம் அது. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அந்த ஆவணியில் ஒரே நாளில் 340 ரூபாவாகியிருந்தது. இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது ஒரு வீட்டில் பிள்ளைகளும் தகப்பனும் உண்டுகொண்டிருந்தார்கள். தாயார் பரிமாறிக்கொண்டிருந்தார். நீங்களும் இருந்து சாப்பிடலாமே அம்மா என்றேன். “நான் பிறகு சாப்பிடுவன் சுவாமி, எனக்கு இப்ப பசியில்லை” என்றார் அவர். கடைக்குட்டிச் சிறுமி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அம்மாக்கு இரவில எப்பவும் பசிக்காது.”

அந்த வீட்டில் சிக்கனம் இருந்தது. கடுமையான சிக்கனம். ஆனால் அதை யாரும் கூடித் தீர்மானிக்கவில்லை. ஒருவருடைய தட்டிலிருந்து மட்டும் அது ஓசையின்றி எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தகப்பனுடைய மாலைநேரச் செலவு குறையவில்லை. மூத்த மகனின் கையடக்கத் தொலைபேசிக்குப் பணம் நிரப்புவது குறையவில்லை. குளத்தில் நீர் வற்றிய ஆண்டில் ஒரேயொரு கமக்காரருடைய வயலை மட்டும் காயவிட்டு, மற்றவர்கள் முழுவதையும் விதைப்பதற்கு எந்த ஊர்க் கூட்டமும் இடங்கொடாது. வீடுகளில் நாம் அதைத்தான் செய்துவருகிறோம். செய்துவிட்டு, தாயின் தியாகம் என்று அதற்குப் பெயரும் சூட்டி, அன்னையர் தினத்தன்று பாராட்டியும் விடுகிறோம்.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கூறும் அறிவற்ற செல்வனின் உவமையை நீங்கள் அறிவீர்கள். விளைச்சல் பெருகியதும் பழைய களஞ்சியங்களை இடித்துவிட்டுப் பெரியவற்றைக் கட்ட நினைத்தவன் அவன். சேமித்ததே அவனுடைய குற்றம் என்று சிலர் போதிப்பதைக் கேட்டிருக்கிறேன். அது சரியான விளக்கமென்று நான் கருதவில்லை. எகிப்தில் ஏழு வளமான ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்துவைத்த யோசேப்பை அதே விவிலியம் ஞானி என்று போற்றுகிறது. அந்த உவமையை மீண்டும் எடுத்து வாசித்துப் பாருங்கள். அந்த மனிதன் தன்னோடு மட்டுமே பேசுகிறான். மனைவியில்லை, பிள்ளைகளில்லை, வேலையாட்களில்லை, அயலவரில்லை. கேள்வியும் அவனுடையது, விடையும் அவனுடையது. அவனுடைய களஞ்சியத்துக்கு நிரப்பும் வழி உண்டு. திறக்கும் நாள் இல்லை. யோசேப்பின் களஞ்சியத்துக்கோ திறக்கும் நாள் இருந்தது, யாருக்காகத் திறப்பது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. நம்முடைய குளமும் அத்தகையதே. துருசில்லாத குளத்தை யாரும் கட்டுவதில்லை.

இனி, வன்னியில் சேமிப்பைப் பற்றிப் பேசுபவர் எவரும் தப்பிச் செல்ல முடியாத ஒரு கேள்விக்கு வருகிறேன். “சேர்த்து என்ன சுவாமி கண்டோம்?” என்று முதியவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமுண்டு. பொன்னாகச் சேர்த்தவர்கள் 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் இடம்பெயர்ந்து நடந்த பாதையெங்கும் அதை இழந்தார்கள். சிலர் புதைத்துவிட்டு வந்தார்கள். சிலர் ஒரு நேர உணவுக்காக விற்றார்கள். போர்க்காலத்தில் மீட்கப்பட்ட தங்க, வெள்ளி நகைகளின் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது 2025ஆம் ஆண்டு மே மாதத்திலேதான். பதினாறு ஆண்டுகள். அவற்றுள் தன் தாயின் சங்கிலியும் இருக்குமோ என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்காத வீடு இந்தப் பகுதியில் குறைவு.

மீள்குடியேறியபின் சிலர் வங்கியில் சேர்த்தார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். வங்கிப் புத்தகத்தில் எண்கள் அப்படியே இருந்தன. அந்த எண்களுக்கு வாங்கக்கூடிய அரிசிதான் ஏறத்தாழப் பாதியாகிப் போனது. பணத்தை நம்பாமல் மாடு வாங்கியவர் அறிவாளி என்று அந்நாட்களில் பேசிக்கொண்டோம். அதே ஆண்டு மார்கழியில் வீசிய கடுங்குளிர் காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்துபோயின. முல்லைத்தீவு மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. காலையில் பட்டிக்குச் சென்ற மனிதர் அங்கே கண்டது, ஒரு வாழ்நாள் சேமிப்பு நிலத்தில் விறைத்துக் கிடந்ததை.

இவ்வளவையும் கண்ட மக்களிடம் எறும்பைப் பாருங்கள் என்று நீதிமொழிகளை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. சபை உரையாளர் நூலின் ஆசிரியர் நமக்கு நெருக்கமானவர். எதுவும் நிலையில்லை என்று நன்கு அறிந்தவர். அப்படிப்பட்டவரே, நிலத்தில் என்ன இடர் வருமென்று தெரியாதாகையால் உள்ளதை ஏழு பங்காகவும் எட்டுப் பங்காகவும் பிரித்து வை என்னும் கருத்தைச் சொல்லியிருக்கிறார். எதுவும் நிலைக்காது என்பதால் ஒன்றும் சேர்க்காதே என்று அவர் கூறவில்லை. நம் நிலைக்கு இதைப் பொருத்தினால், கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் நெல்லாக, கொஞ்சம் கூட்டுறவுச் சங்கத்தில், வளவில் நாலு தென்னம்பிள்ளை என்று வரும். 2024இன் இறுதியில் தேங்காய் ஒன்று 200 ரூபாவை அண்மித்தபோது, மீள்குடியேறிய ஆண்டிலேயே வளவில் தென்னை வைத்தவர்கள் அந்தப் பங்கின் பெறுமதியை உணர்ந்தார்கள். எந்த இடம்பெயர்விலும், எந்த விலையேற்றத்திலும் இழக்காத ஒரு பங்கும் உண்டு: பிள்ளைகளின் படிப்பு. 2009இல் வெறுங்கையுடன் முகாமுக்குள் சென்ற குடும்பங்களுள் விரைவில் எழுந்து நின்றவை பெரும்பாலும் அந்தப் பங்கு உள்ள குடும்பங்களே என்பது நான் கண்ட அளவில் உண்மை.

ஆனால் சேமிப்புக்கு முன் கடன் நிற்கிறது. அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் எலிசாவிடம் வருகிறாள். கணவன் இறந்துவிட்டான், கடன்காரன் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அவளிடமிருந்த ஒரு குடுவை எண்ணெய் பெருகிய அற்புதத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருப்பீர்கள். எண்ணெய் பெருகியபின் எலிசா கூறிய ஒழுங்கை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. விற்கவேண்டும், முதலில் கடனைத் தீர்க்கவேண்டும், எஞ்சியதைக்கொண்டு அவளும் பிள்ளைகளும் வாழவேண்டும். அற்புதத்துக்குப் பின்னரும் வரவு செலவுக் கணக்கு ஒன்று இருந்தது.

வன்னியின் கைம்பெண்கள் இந்தக் கதையை விளக்கவுரையின்றியே புரிந்துகொள்கிறார்கள். போருக்குப்பின் படலைவரை வந்த நுண்கடன் நிறுவனங்களால் அவர்களுட் பலர் பட்ட துன்பம் நாடறிந்தது. 2018ஆம் ஆண்டு வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களில் தவணை தவறியிருந்த பெண்களுக்கு அரசே கடன் நீக்கம் அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம்வரை சென்றதைச் சுட்டிக்காட்டினார். அத்தகைய கொடுமையை விட்டுவிட்டு, சாதாரணமாகத் தோன்றும் ஒரு கணக்கைப் பார்ப்போம். 50,000 ரூபா கடன். வாரம் 1,250 ரூபாவாக 52 வாரங்கள். மொத்தம் 65,000. வட்டி 30 வீதந்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துவருவதால் 50,000 ரூபா முழுதாக உங்கள் கையில் ஓராண்டு இருக்கவேயில்லை. சரியாகக் கணக்கிட்டால் வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது. எந்தச் சேமிப்புக் கணக்கும் உங்களுக்கு இவ்வளவு வட்டி தராது. ஆகையால் கடனுள்ள வீட்டில், உயர்ந்த வட்டியுள்ள கடனை அடைக்கும் ஒவ்வொரு ரூபாவும் சேமிப்பே. கடன் தவணையை வைத்துக்கொண்டு உண்டியலில் காசு போட்டு மகிழ்வதில் பொருளில்லை.

நம் ஊர்களில் பழைய சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்றொரு பெயர்ப்பலகை இருக்கும். அந்தப் பெயரில் சிக்கனம் முன்னும் கடனுதவி பின்னும் வருவதைக் கவனியுங்கள். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1909இல், இந்தியாவின் சோட்டாநாக்பூரில் வட்டிக்காரரிடம் காணியை இழந்துகொண்டிருந்த ஆதிவாசி மக்களுக்காக இயேசு சபைத் துறவி ஜோன் பப்திஸ்த் ஹொஃப்மன் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கமொன்றைத் தொடங்கினார். செபமாலையோடு கணக்குப் புத்தகத்தையும் கையிலெடுத்த குருக்கள் அப்போதே இருந்தார்கள்.

கணக்குப் புத்தகம் என்றதும் திருச்சபையின் பக்கமும் திரும்பவேண்டியிருக்கிறது. சாமத்திய வீட்டுக்கு ஆடம்பரம் வேண்டாம் என்று பீடத்திலிருந்து கண்டிக்கும் நாங்கள், திருவிழாவுக்கு மின்அலங்காரம், ஒலிபெருக்கி, வாணவெடி என்று குடும்பத்துக்கு இவ்வளவென வரி குறித்துக் கொடுக்கிறோம். முதல் நன்மை விருந்துக்காகக் கடன்பட்ட வீடுகளை நான் அறிவேன். அந்த விருந்துகளில் அழைக்கப்பட்டு முதலாவதாக அமர்ந்து உண்டவனும் நான்தான். ஆண்கள் சாராயத்தைக் குறைக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாளொன்றுக்கு 300 ரூபா என்றாலே ஆண்டுக்கு 1,09,500 ரூபாவாகிறது. அதைக் கூறுமுன் பங்கின் வாணவெடிச் செலவை நான் குறைத்திருக்கவேண்டும். கடந்த ஆண்டுதான் குறைத்தேன். சிலர் இன்னமும் என்னோடு பேசுவதில்லை.

முன்னர் கூறிய அந்த வீட்டுக்கு மறுபடியும் சென்றேன். கமக்காரரான தகப்பனிடம் சேமிப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. குளத்துக் கூட்டத்தை வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார். ஆனால் அடுத்த காலபோக நெல் விற்ற கையோடு வைத்திருக்கிறார். மூத்தவன் கொப்பியில் எழுதினான். கையிருப்பு எவ்வளவு, தவணை எவ்வளவு, அடுத்த விதைப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. தகப்பனின் மாலைச் செலவு வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைக்கப்பட்டு, பக்கத்தில் அவருடைய கையொப்பம் இருந்தது. தொலைபேசிக்கு மாதத்துக்கு ஒரு தடவை மட்டும். எல்லாம் குறைப்புகளே. கடைசி வரி மட்டும் வேறு மையினால், சிறு கையெழுத்தில் இருந்தது. கடைக்குட்டி அடம்பிடித்துத் தானே எழுதினாளாம். அந்த ஒன்று மட்டும் கூட்டப்பட்ட செலவு: அம்மாவுக்கு இரவில் முட்டை, கிழமைக்கு மூன்று.